சுவருக்குள் கழிவுப் பிளாஸ்டிக்: வெப்பக்காப்பு செய்ய நினைப்பவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

கழிவுப் பிளாஸ்டிக்கைச் சுவருக்குள் வைத்து வெப்பத்தைத் தடுக்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். செய்யவும் முடிகிறது. ஆனால் எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு கனம் (தடிமன்), யாரிடம் எந்தத் தாளை வாங்க வேண்டும், கடைசியில் எதைக் கொண்டு மூட வேண்டும் என்பதை ஓரிடத்தில் வரிசையாகச் சொல்வாரில்லை. வெயில் நேரே அடிக்கும் ஓர் அறையின் வெளிச்சுவர்களைச் செய்து முடிப்பதற்குள் பொறியாளர், ஆய்வகம், காப்பீட்டு அலுவலகம் என்று மாறி மாறி அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் சேகரிப்பது இந்த வேலையின் முதல் படி இல்லை. ஆர்வத்தில் மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்துவிட்டு, பிறகு அதைச் சுவருக்குள் வைக்க முடியாது என்று தெரிந்துகொள்கிறவர்கள் நிறைய. எதைக் கொண்டு மூடப் போகிறீர்கள், யார் எழுத்தில் ஒப்புதல் தருவார் என்ற இரண்டும் முடிவான பிறகு பொருளைத் தொடுங்கள்.

1. வெப்பத்தைத் தடுப்பது எது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை வெப்பக் கடத்துத்திறன் என்ற எண்ணால் சொல்வார்கள். அலகு, மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட். எண் சிறிதாக இருந்தால் காப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். அடர்ந்த கான்கிரீட்டுக்கு இது 1.4-க்கு மேல். செங்கல்லுக்கு 0.6 முதல் 0.8 வரை. பைகளும் குடங்களும் செய்யும் பாலிஎதிலீன் திடமாக இருக்கும்போது 0.33 முதல் 0.5 வரை. அதாவது, காப்பில் செங்கல்லை விடக் கொஞ்சம்தான் மேல். அசையாத காற்றுக்கோ வெறும் 0.026.

தெர்மோகோல், அதாவது நுரையாக்கிய பாலிஸ்டைரீன், 0.032 முதல் 0.040 வரை இருப்பதற்குக் காரணம் அதில் ஏறத்தாழ 98 சதவீதம் காற்று என்பதே. பிளாஸ்டிக்கின் வேலை அந்தக் காற்றை நகரவிடாமல் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து வைப்பது மட்டும்தான்.

இது தெரிந்தால் ஒரு பெரிய பொறியிலிருந்து தப்பித்துவிடலாம். காலி பாட்டில்களை அப்படியே அடுக்கிக் கட்டும் சுவர் குளுமையாக இருக்கும் என்று நம்பாதீர்கள். இடைவெளி இரண்டு சென்டிமீட்டர் அளவைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் காற்று சுழலத் தொடங்கி, ஒரு பக்கத்து வெப்பத்தை மறுபக்கத்துக்குச் சுமந்து போகிறது. கதிர்வீச்சாகவும் வெப்பம் கடக்கிறது. பாட்டிலுக்குள் பிளாஸ்டிக் பைகளைத் திணித்துச் செய்யும் பிளாஸ்டிக் செங்கல்லும் காப்புக்காக உருவானதில்லை. ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.33 கிராம் என்ற அளவுக்கு இறுக்கமாகத் திணிக்கச் சொல்வது உறுதிக்காக. காப்பு வேண்டுமென்றால் நுரை, இழை, நுரைத்துகள் கலந்த சாந்து என்ற மூன்றில் ஒன்றுக்குத்தான் வர வேண்டும்.

2. எதை ஏற்கலாம், எதை ஒதுக்க வேண்டும்

பொருளின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1 பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), 2 அடர் பாலிஎதிலீன், 3 பிவிசி, 4 மென் பாலிஎதிலீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை.

3-ஐ முழுவதுமாக ஒதுக்குங்கள். பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். அது கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். 7-ஐயும் ஒதுக்குங்கள். எதுவென்று தெரியாத பொருளுக்கு யாரும் சான்று தரமாட்டார்கள்.

எண் அழிந்துபோன துண்டுகளைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும். பெட், பிவிசி, திடப் பாலிஸ்டைரீன் மூழ்கும். இங்கே கவனம் வேண்டும். நமக்கு வேண்டிய பெட்டும் வேண்டாத பிவிசியும் சேர்ந்தே மூழ்குகின்றன. பாட்டிலாக இருந்தால் அடிப்பகுதியைப் பாருங்கள். பெட் பாட்டிலின் அடியில் நடுவே ஒரு சிறு புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். பிவிசி பாட்டிலின் அடியில் கோடு போல ஒரு தையல் ஓடும். எரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இடிக்கப்பட்ட பழைய கட்டடங்களில் கிடைக்கும் நுரைப் பலகைகளைப் பற்றியது. கனமாகவும் மலிவாகவும் கிடைப்பதால் ஆசை வரும். அவற்றில் எச்பிசிடி என்ற புரோமின் கலந்த தீத்தடுப்பு வேதிப்பொருள் இருந்திருக்கலாம். சூழலில் சிதையாமல் தங்கும் நஞ்சு என்று 2013-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பொருள் அது. பழைய பலகை வேண்டாம். பெட்டிகளுக்குள் வரும் பொட்டலத் தெர்மோகோல் இதற்கு நேர் எதிர்: பெரும்பாலும் தீத்தடுப்பு ஏதும் சேர்க்காதது, ஆகவே மளமளவென்று எரியக்கூடியது. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் எப்படி மூடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

3. வழியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகளைப் பரிசீலிக்கலாம்.

முதலாவது, பொட்டலத் தெர்மோகோலின் தட்டையான துண்டுகளை வெட்டி, சுவரில் அடித்த சட்டங்களுக்கு இடையே பொருத்துவது. காப்பு மிக நன்று. தீயைப் பொறுத்தவரை மூன்றிலும் ஆபத்தானது இதுவே.

இரண்டாவது, தெர்மோகோலைத் துகளாக்கிச் சிமென்டுடன் கலந்து, கனமான பூச்சாகவோ கட்டியாகவோ ஆக்குவது. கலவையைப் பொறுத்து ஒரு கன மீட்டர் 300 முதல் 1,000 கிலோ வரை இருக்கும். கடத்துத்திறன் சுமார் 0.08-இலிருந்து 0.25 வரை. காப்பு முதல் வழியை விடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு துகளையும் சிமென்ட் சூழ்ந்திருப்பதால் தீயில் நடந்துகொள்ளும் விதம் வெகுவாக மேம்படுகிறது.

மூன்றாவது, பெட் பாட்டில்களை உருக்கி இழையாக நூற்றுத் தயாரிக்கும் மெத்தைகளை வாங்கிப் பொருத்துவது. கடத்துத்திறன் 0.035 முதல் 0.045 வரை. வெட்டும்போது தோல் அரிக்காது. இதை வீட்டில் செய்ய முடியாது. பெட் உருகுவதற்கே ஏறத்தாழ 250 டிகிரி வேண்டும். "நானே சேகரித்தேன்" என்ற நிறைவு இதில் கிடைக்காதுதான். ஆனாலும் பாட்டில்கள் குப்பைமேட்டிலிருந்து சுவருக்குள் வருகின்றன, உற்பத்தியாளரின் சோதனை அறிக்கையோடு வருகின்றன.

பிளாஸ்டிக்கை நறுக்கித் தளர்வாகச் சுவருக்குள் கொட்டும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளடைவில் அது கீழே அமரும். மேலே கையளவு வெற்றிடம் உண்டாகும். அந்த வழியே வெப்பம் தாராளமாக நுழையும். மூடிய சுவரைத் திறக்காமல் அதைச் சரிசெய்ய வழியில்லை.

ஒரே ஓர் அறை என்றால் மூன்றாவது வழி. முழு வீடு அல்லது சில வீடுகள் சேர்ந்து செய்வதென்றால் இரண்டாவது. என் முடிவு இதுதான். காரணம் செலவில் இருக்கிறது. ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

4. ஆவணங்கள்: இந்த வரிசையில் வாங்குங்கள்

விதிகள் இடத்துக்கு இடம் மாறும். கேட்கப்படும் தாள்களின் வகை பெரிதாக மாறுவதில்லை.

உரிமையாளர் அல்லது குடியிருப்புச் சங்கத்தின் ஒப்புதல் முதலில். வெளிச்சுவரின் வெளிப்பக்கம் பொதுச் சொத்தாகக் கருதப்படலாம். அப்படியானால் உட்புறம் மட்டுமே உங்களுக்குரியது, வடிவமைப்பே மாறிவிடும்.

அடுத்தது கட்டமைப்புப் பொறியாளரின் கடிதம். "சுவரில் காப்பு செய்யலாம்" என்று ஒரு வரியில் எழுதி வாங்காதீர்கள். எந்தச் சுவர், அது பாரம் தாங்கும் சுவரா, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு கூடுதல் எடை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் கனத்தில், கன மீட்டருக்கு 500 கிலோ அடர்த்தியுள்ள தெர்மோகோல் சாந்து சதுர மீட்டருக்கு 25 கிலோ. மேலே ஒரு ஜிப்சம் பலகை வைத்தால் இன்னும் சுமார் 10 கிலோ. இந்தக் கணக்கை நீங்களே எழுதி எடுத்துச் சென்றால் கடிதம் சீக்கிரம் கிடைக்கும்.

மூன்றாவது, சோதனை அறிக்கைகள். இரண்டு வேண்டும். வெப்பக் கடத்துத்திறனுக்கு ஐஎஸ்ஓ 8301, ஐஎஸ்ஓ 8302, ஏஎஸ்டிஎம் சி518 ஆகியவற்றில் ஏதாவதொரு முறை. தீக்கு, உங்கள் பகுதியில் ஏற்கப்படும் முறை. பல நாடுகளில் ஈஎன் 13501-1 என்ற வகைப்பாடு புழங்குகிறது. அதில் ஏ1 எரியாதது, எஃப் கடைசி. சாதாரணத் தெர்மோகோல் பலகை, தீத்தடுப்பு சேர்த்திருந்தாலும் பெரும்பாலும் ஈ வகுப்பில்தான் நிற்கும். ஆய்வகம், சோதனை ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்றதா, அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கும் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள்.

இங்கே ஏமாறுகிறவர்கள் அதிகம். விற்பவர் காட்டும் அறிக்கை வேறு கனத்துக்கோ வேறு அடர்த்திக்கோ எடுத்ததாக இருக்கும். சில சமயம் பலகையை மூடிய முழுச் சுவருக்கு எடுத்த அறிக்கையை வெறும் பலகையின் அறிக்கை போலக் காட்டுவார்கள். பொருளின் பெயர், கனம், அடர்த்தி, தேதி ஆகிய நான்கும் உங்கள் பொருளோடு பொருந்தாவிட்டால் அந்த அறிக்கையை ஏற்காதீர்கள். நீங்களே கலக்கும் சாந்துக்கு வேறொருவரின் அறிக்கை எந்த வகையிலும் செல்லாது.

நான்காவது, உள்ளாட்சி அல்லது கட்டட அனுமதி அலுவலகம். அனுமதி தேவையில்லை என்று சொன்னாலும் விவரங்களோடு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள்.

ஐந்தாவது, வீட்டுக் காப்பீடு. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சுவருக்குள் எரியக்கூடிய பொருள் இருப்பதைத் தெரிவிக்கவில்லை என்றால், தீவிபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்கப்பட அது ஒரு காரணமாகலாம். தொலைபேசியில் "பரவாயில்லை" என்று சொல்வதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். எழுத்தில் வரட்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை ஆய்வகம்தான் இழுத்தடிக்கும். சாந்து மாதிரி முதிர்ந்து உலர நான்கு வாரம் வேண்டும். அதன் பிறகே ஆய்வக வரிசையில் நிற்க முடியும். மாதிரிகளை 30-க்கு 30 அல்லது 60-க்கு 60 சென்டிமீட்டர் அளவில் கேட்பார்கள். வார்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புதல் கடிதங்களுக்கு அலையும் வேலையை இந்த நான்கு வாரத்துக்குள் வைத்துக்கொண்டால் காலம் வீணாகாது.

5. கனம், அளவு, செலவு

20 சென்டிமீட்டர் செங்கல் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு பக்கக் காற்றுப் படலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இருபுறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 2.2 வாட் வெப்பம் கடக்கும். ஐந்து சென்டிமீட்டர் தெர்மோகோல் வைத்தால் அது 0.56-ஆக இறங்கும். இன்னும் ஐந்து சேர்த்தால் 0.32. முதல் ஐந்து சென்டிமீட்டர் தரும் பலனில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைத்தான் அடுத்த ஐந்து தருகிறது. கடும் குளிரில் அந்தக் கூடுதல் ஐந்துக்கும் மதிப்புண்டு; மற்ற இடங்களில் அந்தப் பணத்தைக் கூரைக்குச் செலவிடுவது நல்லது. அதே சுவரில் 0.12 கடத்துத்திறன் உள்ள சாந்தை ஐந்து சென்டிமீட்டர் பூசினால் 1.15 வரும். அதாவது பாதி.

பத்துச் சதுர மீட்டர் சுவருக்கு ஐந்து சென்டிமீட்டர் கனம் என்றால் அரைக் கன மீட்டர் பொருள். பெட் மெத்தை கன மீட்டருக்கு 20 கிலோ என்றால் பத்துக் கிலோ. பாட்டிலுக்கு 25 கிராம் என்று வைத்தால் நானூறு பாட்டில்கள். தெர்மோகோல் எடையில் குறைவு, இடத்தை அடைப்பதில் அதிகம். எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். அடுப்பு, வெல்டிங், வெயில் எதுவும் எட்டாத இடம் வேண்டும்.

செலவில் பிளாஸ்டிக்கின் பங்கு மிகச் சிறியது. சோதனைக் கட்டணம், மூடும் பலகை, சட்டம், கூலி, மின்கம்பி மாற்றம் ஆகியவைதான் பணத்தை விழுங்கும். இவற்றில் சோதனைக் கட்டணம் சுவரின் பரப்பைப் பார்க்காது: பத்துச் சதுர மீட்டருக்கும் ஆயிரம் சதுர மீட்டருக்கும் ஒரே தொகை. ஓர் அறைக்காகச் சொந்தக் கலவையைச் சோதித்தால் மற்றச் செலவுகளையெல்லாம் அது மிஞ்சிவிடக்கூடும். அதனால்தான் ஓர் அறைக்கு அறிக்கையோடு வரும் மெத்தை, பல வீடுகளுக்குச் செலவைப் பகிர்ந்துகொண்டு சாந்து என்று சொன்னேன். புதிய காப்புப் பலகைக்கும் ஒரு விலைப்பட்டியல் வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

6. துகளாக்குதல்

மெத்தை வாங்குகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

உணவு ஒட்டியவற்றை எடுக்காதீர்கள். எத்தனை கழுவினாலும் பூச்சியும் வாடையும் வரும். மற்றவற்றிலிருந்து ஒட்டுநாடாவையும் தாளையும் உரித்து, கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்துங்கள்.

துகளாக்குவதை மூடிய அறையில் செய்யுங்கள். வெளியில் செய்தால் காற்று ஒரு வீச்சில் தெர்மோகோல் மணிகளை வடிகாலுக்குக் கொண்டுபோய்விடும். குப்பையைக் குறைக்கத் தொடங்கிய வேலை நீர்நிலைக்குள் குப்பையைத் தூவியதாக முடியும். மணிகள் நிலைமின்னால் எங்கும் ஒட்டிக்கொள்ளும். இலேசாகத் தண்ணீர் தெளித்தால் அடங்கும். பலகையாக வெட்டுபவர்கள் சூடான கம்பியைப் பயன்படுத்தினால் தூசு வராது, ஆனால் புகை வரும். காற்றோட்டம் கட்டாயம்.

7. சுவரைத் தயார்செய்தல்

ஈரமுள்ள சுவரை ஒருபோதும் மூடாதீர்கள். கசிவின் மூலத்தைக் கண்டுபிடித்து அடைத்து, சுவர் உலர்ந்ததை ஈரமானியால் சோதித்த பிறகே அடுத்த வேலை. உள்ளே அடைபட்ட ஈரம் பூஞ்சையாகும்.

மின்கம்பிக்கு இரண்டு ஆபத்துகள். காப்புப் பொருள் முழுவதும் சூழ்ந்த கம்பியால் வெப்பத்தை வெளியே விட முடியாது. அதன் மின்தாங்கும் அளவைப் பாதியாகக் குறைத்துக் கணக்கிடுவது மின்பொறியாளர்களின் வழக்கம். இரண்டாவது பலருக்கும் தெரியாதது. பிவிசி உறையுள்ள கம்பி தெர்மோகோலைத் தொட்டுக்கொண்டு கிடந்தால், உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மம் மெல்ல மெல்லத் தெர்மோகோலுக்குள் இறங்கிவிடும். தெர்மோகோல் உருகினாற்போல் குழியும். கம்பியின் உறை காய்ந்து வெடிக்கும். கம்பிகளைக் குழாய்க்குள் விட்டு, காப்புக்கு வெளியே நகர்த்துங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் செய்துகொண்டு, அவருடைய சோதனைத் தாளையும் கோப்பில் வையுங்கள்.

புகைபோக்கி, வெந்நீர்க் கருவி, சூடேறும் விளக்குகள் அருகே பிளாஸ்டிக் காப்பு கூடாது. அங்கே கல்நார் கலவாத கனிமக் கம்பளியைப் பயன்படுத்துங்கள். வெளிப்புறத்தில் செய்வதானால் மேற்பரப்பு வெளிர்நிறமாக இருக்கட்டும். கருநிறத் தகடு வெயிலில் கடுமையாகச் சூடேறும். தெர்மோகோல் 80 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கிவிடும்.

8. நிரப்புதல்

சாந்து கலக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் துகள்கள் மேலே மிதந்து பிரிந்துவிடும். முதலில் துகள்களைக் கொஞ்சம் சிமென்ட் பாலில் புரட்டி, ஒவ்வொன்றும் சாம்பல் நிறமானதும் மீதிச் சிமென்டையும் தண்ணீரையும் சேருங்கள். தண்ணீர் அதிகமானால் மறுபடியும் பிரியும். கம்பி வலையோ இழை வலையோ வைத்து, ஒரே மூச்சில் ஐந்து சென்டிமீட்டர் பூசாமல் அடுக்கடுக்காகப் பூசுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பிய அதே விகிதத்தைக் கடைசிவரை மாற்றக் கூடாது.

மெத்தையைச் சட்ட இடைவெளியை விட ஓரிரு சென்டிமீட்டர் அகலமாக வெட்டி, அழுத்தாமல் பொருத்துங்கள். நசுக்கினால் உள்ளே அடைபட்ட காற்று குறைந்துவிடும். பலகை ஒட்டுகிறவர்கள் கரைப்பான் கலந்த பசையைத் தொடக் கூடாது. அசிட்டோன், பெட்ரோல் வகைகள் தெர்மோகோலைக் கரைத்துவிடும். துண்டுகளுக்கிடையே விரல் நுழையும் சந்து இருந்தாலும் அடையுங்கள்.

நீராவித் தடுப்புத் தாள் எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் வரும். வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள பக்கம் எதுவோ, அந்தப் பக்கம். குளிர்ப் பகுதியில் அது அறையின் உட்புறம். குளிர்சாதனம் எந்நேரமும் ஓடும் புழுக்கமான இடத்தில் வெளிப்புறம். மாற்றி வைத்தால் காப்புக்குள் நீர் கோத்துக்கொள்ளும். இரு பருவமும் கடுமையாக உள்ள இடத்தில் பொறியாளரைக் கேட்காமல் எந்தத் தாளையும் வைக்க வேண்டாம்.

எறும்பு, எலி எல்லாம் தெர்மோகோலில் குடியேறும். கீழ்விளிம்பையும் துளைகளையும் நுண்ணிய உலோக வலையால் மூடுங்கள்.

9. மூடுதல்

இந்தப் படியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயால் 72 பேர் உயிரிழந்தார்கள். வெளிச்சுவர்த் தகடுகளின் நடுவே இருந்த பாலிஎதிலீன்தான் தீயை மாடி மாடியாக ஏற்றிச் சென்றதில் முதன்மைக் காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. நம் கையில் சேரும் பைகளும் அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான்.

அறைக்குள் தெரியும் பக்கத்தில் குறைந்தது 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை வையுங்கள். ஜிப்சத்தின் எடையில் சுமார் 21 சதவீதம் வேதியியலாகப் பிணைந்த நீர். தீ பட்டதும் அது ஆவியாகி, பின்னால் இருப்பது சூடேறுவதைத் தாமதப்படுத்துகிறது. வீட்டிலிருப்பவர்கள் வெளியேறுவதற்கான நேரம் அந்தத் தாமதத்தில்தான் கிடைக்கிறது. பிளாஸ்டிக் சாந்தாக இருந்தால் மேலே நல்ல கனமான சாதாரணச் சிமென்ட் பூச்சு வேண்டும். துணி, மரப்பலகை, அலங்காரத் தாள் எதுவும் மூடியாகாது. ஒரு நாள்கூடத் திறந்த நிலையில் விட்டு அந்த அறையில் உறங்காதீர்கள்.

மெத்தை அல்லது பலகைக்குப் பின்னால் காற்று ஓடும் இடைவெளி இருந்தால், ஒவ்வொரு தளத்திலும், கதவு சன்னல்களைச் சுற்றிலும் எரியாத பொருளால் தடுப்பு கட்ட வேண்டும். தடுப்பில்லாத இடைவெளி புகைபோக்கியாகிவிடும். சுவிட்சுப் பெட்டிக்காகப் பலகையில் போட்ட துளைகளின் ஓரத்தைத் தீத்தடுப்புப் பசையால் அடையுங்கள்.

10. மூடுவதற்கு முன்பும் பின்பும்

மூடுவதற்கு முந்திய நாள் சுவர் முழுவதையும் அளவுநாடா தெரியும்படி படம் எடுங்கள். அனுமதி அலுவலகத்தின் ஆய்வாளர் வர வேண்டுமானால் அவரும் அன்றைக்கே பார்க்க வேண்டும். மூடிய பிறகு வந்தால் திறந்து காட்டச் சொல்வார்.

சாந்து முழுவதும் உலர்ந்த பின்பே வண்ணம். முதல் வருடம் பருவம் மாறும்போது சுவரின் மூலைகளையும் சன்னல் ஓரங்களையும் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் திறந்து பாருங்கள். வெப்பப் படக்கருவி ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்தால், உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை வேறுபாடு அதிகமுள்ள நேரத்தில் சுவரைப் படமெடுங்கள். விட்டுப்போன சந்துகள் தனி நிறத்தில் தெரியும்.

எந்தச் சுவரில், எந்த வகைப் பிளாஸ்டிக், எவ்வளவு கனம், எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். நாளை அந்தச் சுவரில் துளையிடப் போகும் பணியாளருக்கும், வெல்டிங் கருவியோடு வருபவருக்கும், என்றாவது வீட்டை இடிக்கும்போது பொருளைப் பிரித்தெடுப்பவருக்கும் அது தேவைப்படும். அதன் நகலை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.